காவிரி டெல்டாவில் சிறு மீன் வளர்ப்பும் இணை நகர உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவின் நகராட்சிகளும் ஊராட்சிகளும் மீன் வளர்ப்போர் குழுக்களும், வெளிநாட்டு நகரம் ஒன்றோடு இணை நகர உறவு கொண்டு அதன் வழியாகக் குளத்து மீன் வளர்ப்பை நிலைபெறச் செய்ய முடியுமா என்று எண்ணும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. இத்தகைய உறவு பயன் தருவதும் தராமல் போவதும் அன்றாடம் குளக்கரையில் நிற்கும் பணியாளரின் திறமையைப் பொறுத்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. விடைகள் யாவும் அந்தக் கருத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

இணை நகர உறவு என்பது என்ன?

இரு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நகரங்களின் உள்ளாட்சி அமைப்புகள், மக்களிடையே நீண்டகாலத் தொடர்பை வளர்ப்பதற்காகச் செய்துகொள்ளும் உடன்பாடே இணை நகர உறவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இது பரவியது. அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஐசனோவர் இதற்கு ஊக்கம் தந்தார். தமிழ்நாட்டில் சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கும் இடையே 1984 முதல் இந்த உறவு இருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் இது மாணவர் பரிமாற்றம், கலை நிகழ்ச்சி, வரவேற்பு விழா என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தொழில் கற்பதற்கும் இது நல்ல வாயில் என்பதைச் சொல்லவே இந்தப் பக்கம்.

மீன் வளர்ப்பு மீன்வளத் துறையின் வேலை அல்லவா? நகராட்சிக்கு அதில் என்ன பங்கு?

ஆற்று நீரும் பாசன வாய்க்காலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. மீன் குஞ்சும் மானியமும் மீன்வளத் துறையின் பொறுப்பு. ஆனால் மூன்று காரியங்கள் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கின்றன: ஊர்க் கழிவுநீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது என்பது, மீன் சந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பது, ஊர்ப் பொதுக்குளத்தின் மீன் பாசிக் குத்தகை (குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எந்த நிபந்தனையில் ஏலம் விடப்படுகிறது என்பது.

இவற்றுள் குத்தகைதான் அதிகம் கவனிக்கப்படாதது. ஓராண்டுக்கு மட்டும் குளத்தை எடுப்பவர் கரையைப் பலப்படுத்தவும் சேற்றை அள்ளவும் பணம் போடமாட்டார். அடுத்த ஏலத்தில் குளம் வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும் என்னும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. குத்தகைக் காலத்தை நீட்டி, குளத்தைப் பராமரிக்கும் கடமையை நிபந்தனையாகச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வெளிநாட்டு நகரத்தோடு பேச உட்காருவதற்கு முன்பு தன் கையிலுள்ள இந்த மூன்றையும் ஒரு நகராட்சி சரிபார்த்துக்கொள்வது நல்லது.

டெல்டாவின் சிறு மீன் வளர்ப்புக்கு என்ன தனித்தன்மை?

தண்ணீருக்கு நாள்காட்டி இருப்பதுதான் தனித்தன்மை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். அணையின் இருப்பைப் பொறுத்துத் திறப்பு நாள் முன்பின்னாகும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாகப் பிரியும் நீர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குளங்களுக்கு விரைவில் வந்து, தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளுக்குத் தாமதமாகவே வந்து சேரும். அதன் பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது குளம் நிரம்பிக் கரை வழிந்தால் மீன்கள் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். பிப்ரவரிக்குப் பிறகு ஆழ்குழாய்க் கிணறு இல்லாத குளம் வற்றத் தொடங்கும்.

ஆகவே, இங்கே பல குளங்களுக்கு ஏழெட்டு மாத வளர்ப்புக் காலம்தான் கிடைக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டை இனங்களைச் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பே பரவலாக உள்ளது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், 4:3:3 என்ற விகிதத்தில் ஏக்கருக்குச் சுமார் 2,000 குஞ்சுகள் விட்டால் ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியாக வருவதில்லை. குறுகிய காலத்திற்குள் விற்பனை எடையை எட்ட வேண்டுமென்பதால், குறைந்தது விரல் நீளத்திற்கு வளர்ந்த குஞ்சுகளையே விட வேண்டும்.

நீடித்து நிற்கும் மீன் வளர்ப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

குளத்தில் மீன் வளர்ப்பவர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குளத்தில், பக்கத்து வயல்காரரோடு பகை இல்லாமல், கடனில் மூழ்காமல் மீன் வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அளவுகோல் இவ்வளவே. ஆனால் அதை எட்டுவது எளிதன்று என்பதை டெல்டாவின் கடலோரப் பகுதி பெரும் விலை கொடுத்து அறிந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே வேகமாகப் பரவிய இறால் பண்ணைகளால் அண்டை நிலங்களும் குடிநீரும் உவர்ப்பாயின என்று மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி, கடலோரப் பகுதிகளில் இத்தொழிலைச் செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் எந்தத் தொழில்நுட்பத்தையும் வரவேற்பதற்கு முன், "இந்தக் குளத்து நீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்கும் உரிமையையும் கடமையையும் அந்த வரலாறு நமக்குத் தந்திருக்கிறது.

நன்னீர்க் குளங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அறுவடை முடிந்து வடிக்கப்படும் குளத்து நீரில் எருச்சத்து நிறைந்திருக்கும். அதை உளுந்து, பயறு அல்லது தென்னைக்குப் பாய்ச்சினால் அது உரம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் செல்லும் வடிகாலில் திறந்துவிட்டால் அது மாசு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குஞ்சு விடுவதற்கு முன்பு, விரால், கெளுத்தி போன்ற இரை தின்னி மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடுவது வழக்கம். அதன் நஞ்சு இரண்டு மூன்று வாரங்களில் தணிந்து பின்பு எருவாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அதே வேளையில் அயிரை, சிறு கெண்டை முதலான நாட்டு மீன்களும் சேர்ந்து அழிகின்றன. ஏழைக் குடும்பங்களின் குழம்புச் சட்டிக்கு நேரடியாகப் போனவை அந்த மீன்களே. குளம் முழுவதும் வற்றும் இடங்களில் வெயிலில் காயவிட்டுச் சுண்ணாம்பு இட்டாலே போதும் என்றால், பிண்ணாக்கைத் தவிர்ப்பதே முறை.

பணியாளர் திறன் என்று எவற்றைக் குறிப்பிடுகிறீர்கள்?

திறன் என்றவுடன் கணினியும் கருவிகளும் நினைவுக்கு வருகின்றன. குளத்தில் மீன் சாவதும் பிழைப்பதும் அவற்றைவிட மிக எளிய செயல்களைப் பொறுத்தவை. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, விடியலில் குளத்தைப் பார்ப்பது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது நலம். பகலில் பாசி அதைப் பெருக்கும். இரவு முழுவதும் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிரும் சேர்ந்து அதைக் குறைக்கும். ஆகவே மிகக் குறைவான நேரம் பொழுது புலரும் வேளை. அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், மோட்டாரைப் போட்டு நீரை மேலிருந்து சிதறிக் கொட்ட வேண்டும், அன்றைய தீவனத்தையும் எருவையும் நிறுத்த வேண்டும். எட்டு மணிக்கு மேல் வரும் பணியாளர், வெயில் ஏறி மீன்கள் உள்ளே போய்விட்ட குளத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவார். மூட்டமான நாட்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையின்போது, இந்த ஒரு பழக்கம் குளத்தையே காப்பாற்றும்.

இரண்டாவது, நீரின் நிறத்தைப் படிப்பது. முழங்கை வரை கையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். முழங்கை மூழ்குவதற்குள்ளேயே, அரைக் கை ஆழத்தில் உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது, எருவை நிறுத்த வேண்டும். முழங்கை மூழ்கிய பிறகும் தெளிவாகத் தெரிந்தால் இயற்கை உணவு போதாது. கலங்கிய வண்டல் நீருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. புது வெள்ளம் புகுந்த குளத்தில் நீர் தெளியும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எடைபோட்டுத் தீவனம் கணக்கிடுவது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் இத்தனை சதவீதம் என்று கொடுக்கிறோம். 2,000 மீன்கள் சராசரி 250 கிராம் இருந்தால் மொத்தம் 500 கிலோ. 2 சதவீதம் என்றால் நாளுக்கு 10 கிலோ தீவனம். வலை போட்டு எடை பார்க்காமல், "350 கிராம் இருக்கும்" என்று கரையிலிருந்தே மதிப்பிட்டால் தீவனம் 14 கிலோ ஆகும். மிகையான 4 கிலோ நாள்தோறும் அடியில் அழுகும். பணமும் போகும், விடியற்காலை ஆக்சிஜனும் போகும். மாதம் ஒருமுறை இழுவலை போட்டு, கையில் கிடைத்த பெரிய மீனை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் வலையில் வந்தவற்றை வந்தபடியே நிறுத்துப் பார்க்கக் கற்றவர் ஒரு குழுவில் இருந்தால், அந்தக் குழுவின் செலவு கண்கூடாகக் குறையும்.

நான்காவது, குஞ்சு வாங்குவது. பண்ணையில் குஞ்சுகளைக் கிண்ணத்தால் அளந்து தரும்போது, ஒரு கிண்ணத்தைத் தனியே ஊற்றி எண்ணிப் பார்க்கக் கேட்பதற்குத் தயங்கக் கூடாது. கொண்டுவந்த ஆக்சிஜன் பையைப் பிரிக்காமல் குளத்து நீரில் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்படி விட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் சாகும் குஞ்சுகள் அடியில் தங்கிவிடுவதால், இழப்பு அறுவடையில்தான் தெரியவரும்.

ஐந்தாவது, வலை சுத்தம். மீன் பேனும் புண் நோயும் ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் வாடகை வலை வழியாகவும் ஈரம் காயாத பாத்திரங்கள் வழியாகவும் போகின்றன. வலையை நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த குளத்தில் இறக்குவது என்று வலைக்குழுவோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, குளத்து நோட்டு. விட்ட குஞ்சு, போட்ட தீவனம், இறந்த மீன், எடை, விற்ற விலை, யாருக்கு விற்றது என்பவற்றைத் தேதிவாரியாக எழுதுவது. வங்கியில் கடன் கேட்கும்போதும், வெளிநாட்டு நண்பர்களோடு அனுபவத்தை ஒப்பிடும்போதும், நம் பேச்சுக்கு எடை தருவது இந்த நோட்டுதான்.

இவற்றை இங்கேயே கற்க முடியாதா?

கற்க முடியும், முதலில் இங்கேதான் கற்க வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகமும், அதன்கீழ் தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டையில் இயங்கும் நீடித்த நிலையான நீருயிரி வளர்ப்பு மையமும், சிக்கல் என்னும் ஊரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. உவர்நீர்ப் பகுதியினர் கொடுவா, பால்மீன் பற்றி அறிய, சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தை அணுகலாம். இங்கே அடிப்படையைக் கற்றுத் தேர்ந்தவர் வெளியூர் போனால்தான், அங்கே எது புதியது, எது நமக்குப் பொருந்தாதது என்று பிரித்தறிய முடியும்.

எந்த நாட்டு நகரத்தோடு உறவு கொள்வது நல்லது?

செல்வமுள்ள நகரத்தைத் தேடுவதைவிட, நம்மைப் போன்ற நீரும் மண்ணும் உள்ள நகரத்தைத் தேடுவது மேல்.

வியட்நாமின் மேக்கோங் டெல்டாவில் உள்ள கான் தோ நகரம் உடனே நினைவுக்கு வரும். அங்கே மீன் வளர்ப்புக் கல்வியில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. நெல் விளையும் டெல்டா என்ற ஒற்றுமையும் உண்டு. கோடையில் உவர்நீர் ஏறும்போது இறால், மழையில் நிலம் நன்னீராகும்போது நெல் என்று அந்த டெல்டாவின் கடலோர விவசாயிகள் மாற்றி மாற்றிச் செய்வதை, நம் கடைமடை விவசாயிகள் நேரில் கண்டு, நம் மண்ணுக்கு அது தீங்காகுமா என்று எச்சரிக்கையோடு ஆராயலாம். ஆனால் அங்குள்ள பங்கேசியஸ் என்னும் கெளுத்தி வகை மீன் வளர்ப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். 3 மீட்டருக்கும் மேல் ஆழமான குளங்களில், வற்றாத பேராற்றின் நீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே செய்யும் வளர்ப்பு அது. ஜனவரியோடு ஆற்று நீர் நின்றுவிடும் ஊரில் அதைச் செய்ய முனைந்தால், நிலத்தடி நீரை இறைத்தே ஆக வேண்டும்.

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் உள்ள மட்டக்களப்பு எங்களுக்கு மிகவும் பிடித்த தேர்வு. பயிற்சி முழுவதும் தமிழிலேயே நடக்கலாம். அந்நாட்டில் பாசனக் குளங்களில் மீன் குஞ்சுகளை விட்டு, ஊர் மீனவர் சங்கங்களே பராமரித்து அறுவடை செய்யும் முறை தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் துணையோடு நடக்கிறது. நம் பொதுக்குளக் குத்தகைச் சிக்கலுக்கு அது நல்ல பாடம்.

வங்கதேசத்தின் மைமன்சிங் பகுதியில் கெண்டையோடு மோலா என்னும் சிறு மீனையும் சேர்த்து வளர்க்கிறார்கள். வைட்டமின் ஏ நிறைந்த அந்த மீனை வீட்டு உணவுக்கும், கெண்டையை விற்பனைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நாட்டு மீன்களை இழந்துவரும் நாம் இதைக் கருத்தோடு படிக்க வேண்டும்.

பரிமாற்றப் பயணத்துக்கு யாரை அனுப்ப வேண்டும்?

குளத்தில் இறங்குபவரை அனுப்ப வேண்டும். தலைவரும் ஆணையரும் உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்காகச் சென்று வருவது தேவையே. அதற்குப் பிறகு செல்லும் ஒவ்வொரு பயணத்திலும் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் குளப் பணியாளர்களுக்கும், குழுவின் கணக்கு எழுதுபவருக்கும், மதகைத் திறந்து மூடும் பணியாளருக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த இடங்கள் வேறு யாருக்கோ போய்விடும். கூலி வேலை செய்பவர் இரண்டு வாரம் வெளியூர் சென்றால் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதால், இழக்கும் கூலியையும் பயணச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கடவுச்சீட்டு எடுப்பதற்கும் குழுவே உதவ வேண்டும்.

பெண்களுக்கு இதில் என்ன இடம்?

டெல்டாவின் சந்தைகளில் மீனை விற்பவர்களும் சுத்தம் செய்து தருபவர்களும் பெரும்பாலும் பெண்களே. குளத்தில் தீவனம் வைப்பதும் பல வீடுகளில் அவர்களே. இருந்தும் பயிற்சிக்கு அழைப்பு, குளம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் பெயரில் பொதுக்குளக் குத்தகை தருவதும், ஐஸ் பெட்டி, நல்ல தண்ணீர், வடிகால் உள்ள விற்பனை மேடைகளை அமைப்பதும் இணை நகரத் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவை. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுக்கப்பட்டிருப்பதையும் குழுக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இணை நகரத்திலிருந்து புது வகை மீன் குஞ்சுகளைக் கொண்டு வரலாமா?

கூடாது. ஒன்றிய அரசின் அனுமதியும் நோய்த் தடுப்புத் தனிமைப்படுத்தலும் இல்லாமல் உயிர் மீனைக் கொண்டு வருவது சட்டப்படி தவறு. சட்டத்தைத் தவிர வேறு காரணமும் உண்டு. வெள்ளக் காலத்தில் டெல்டாவின் குளமும் வாய்க்காலும் ஆறும் ஒன்றாகிவிடும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படி நம் நீர்நிலைகளில் பரவியது என்பதை இங்குள்ள வலைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

நம் மீனின் இனப்பெருக்கப் பொருட்களை வெளிநாட்டவர் எடுத்துச் செல்வதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் முன் அனுமதி அதற்குத் தேவை.

அனுமதியும் பணமும் எப்படி?

இணை நகர உடன்படிக்கைக்கு மாநில அரசின் வழியாக ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அறக்கட்டளையோ சங்கமோ வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதானால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அப்படிப் பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவது 2020 திருத்தத்தால் தடைபட்டிருக்கிறது. ஆகையால் பணம் வராத உறவாகவே தொடங்குவது நல்லது. அவரவர் செலவை அவரவர் ஏற்று, ஆட்களும் அறிவும் மட்டும் போய்வரட்டும். குளத்துச் செலவுக்கு உழவர் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் கிடைக்கிறது.

மொழி தடையாக இருக்காதா?

கையால் செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கற்றுக்கொள்ளலாம். நோய், மருந்து, கணக்கு ஆகிய மூன்றுக்கு மட்டும் நல்ல மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். மருந்தின் அளவைத் தவறாகப் புரிந்துகொண்டு வந்து இங்கே ஒருவர் பயன்படுத்திவிடக் கூடாது. குளோராம்ஃபெனிகால் போன்ற தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பட்டியலை ஒவ்வொருவர் கையிலும் தமிழில் கொடுத்தே அனுப்ப வேண்டும்.

உறவால் பயன் விளைந்ததா என்று எப்படி அறிவது?

சென்று வந்தவர்களின் எண்ணிக்கையும் நடந்த கூட்டங்களின் எண்ணிக்கையும் எதையும் காட்டா. சென்று வந்தவர் தம் ஊரில் வேறு எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார், குளத்து நோட்டு எழுதும் குளங்கள் கூடினவா, ஒரு கிலோ மீனுக்கு ஆகும் தீவனம் குறைந்ததா, குஞ்சுகளில் எத்தனை சதவீதம் அறுவடை வரை பிழைத்தன, மழைக்காலத்தில் திடீர்ச் சாவு நேர்ந்த குளங்கள் எத்தனை என்பவற்றைப் பயணத்திற்கு முந்தைய பருவத்தோடு ஒப்பிட வேண்டும். முந்தைய பருவத்தின் கணக்கே இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இராது. அதனால் உடன்படிக்கைக்கு ஓராண்டு முன்பே நோட்டு எழுதத் தொடங்கச் சொல்கிறோம்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

விருந்தினர் இங்கு வருவதற்கு மாசி, பங்குனி ஏற்றவை. சம்பா அறுவடை முடிந்து, வலை இழுத்து மீன் பிடிக்கும் காலம் அது. குளங்கள் வற்றுவதால் கரையையும் அடிச் சேற்றையும் நேரில் பார்க்க முடியும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பணியாளர்கள் வெளியே சென்று வரலாம். ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் அவர்கள் ஊர் திரும்பிச் சுண்ணாம்பு இட்டுக் குளத்தைத் தயார் செய்துவிட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எந்தப் பயணத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதங்களில் பணியாளர் ஒவ்வொருவரும் குளக்கரையில் தேவைப்படுவார்கள்.